அவர் தலையணையைத் தொடாதீங்க

நல்ல தலையணைன்னா இலவம் பஞ்சுதான், மேடம். ஸ்பாஞ்சு கீஞ்செல்லாம் ஆறு மாசத்துல சப்பிப் போயிரும். இலவம் பஞ்சை ஒரு நாள் வெயில்ல போட்டாப் போதும், புதுசு மாதிரி உப்பிக்கிட்டு எழும்பும். ரங்கூன் தாமுவே பஜார்ல முப்பது வருசத்துக்கு மேலா தலையணையும் மெத்தையும் தைச்சு விக்கிறவ சொல்றேன், நம்புங்க.

கடைசிப் பாடத்துக்கு மனசைத் திறந்து எழுதி அனுப்பச் சொன்னீங்க. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. படிச்சதெல்லாம் பர்மியப் பள்ளிக்கூடம். அதனால போன்ல பேசியே அனுப்பறேன். மத்தியானம் ஒரு மணிக்கு எங்க பக்கம் கரண்டு போயிரும், அதுக்குள்ள முடிச்சிடறேன். வகுப்புல சொல்றது வெளியே போகாதுன்னு முதல் நாளே சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்க. அதை ஞாபகம் வச்சுக்கிட்டு முழுசாக் கேளுங்க.

இந்த வகுப்புல நான் ஆசைப்பட்டுச் சேரலை. என் மகள் ரேவதி சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டுப் பணத்தைக் கட்டிட்டு, அப்புறம்தான் எங்கிட்ட சொன்னா. 'பணத்தோட நம்ம உறவைக் குணப்படுத்துவோம்'னு வகுப்புக்குப் பேரு. பணம் என்ன என் நாத்தனாரா, உறவு கொண்டாட? அம்மா நொய்க்கஞ்சி குடிக்கிறா, மின்விசிறி போட மாட்டேங்கிறா, அனுப்பற காசு அப்படியே கிடக்குதுன்னு அவளுக்கு மனக்குறை. சரி, மகள் மனசு கோணக் கூடாதுன்னு ஆறு வாரமா போன் முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தேன். பணத்துக்கு நன்றி சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். பணத்தை மன்னிக்கச் சொன்னீங்க. அது எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு மன்னிக்கறதுக்குன்னு கேட்டேன், சிரிச்சீங்க. எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்தது. உங்களுக்கு என் மகள் வயசுதான் இருக்கும், அதனால வாயை மூடிக்கிட்டேன்.

ஆனா போன வார வகுப்புக்கு ரேவதியும் வந்தா. அன்னைக்கு நீங்களும் அவளும் சேர்ந்து பேசினது கொஞ்சமும் சரியில்லை. பிடிச்சு வச்சிருக்கற ஒரு பொருளை விட்டுரணும், அப்பத்தான் மனசு குணமாகும்னு சொன்னீங்க. அவ உடனே, "எங்கம்மா நாலு வருசமா அப்பாவோட தலையணையை விட மாட்டேங்கிறாங்க மேடம்"னு போட்டுக் குடுத்துட்டா. அடுத்த மாசம் வந்து, தன்லியின் பாலத்துக்குக் கீழே ஆத்துல அந்தத் தலையணையை விடப் போறாளாம். நீங்க கையைத் தட்டினீங்க.

அதனாலதான் இதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கு. இல்லைன்னா சொல்லியிருக்க மாட்டேன்.

பணத்தைப் பத்தி முதல் நினைவு என்னன்னு முதல் பாடத்துல கேட்டீங்க. பத்துப் பியாக் காசுக்கு மிட்டாய் வாங்கினேன்னு ஏதோ அளந்து விட்டேன். உண்மை வேற. அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு, எண்பத்தேழாம் வருசம். எங்கப்பாவுக்கு ரயில்வேயில வேலை. என் கல்யாணத்துக்குன்னு எழுபத்தஞ்சு கியாட் நோட்டா ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்து வச்சிருந்தார். செப்டம்பர் மாசம் ஒரு காலையில ரேடியோவுல சொன்னான், இருபத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு நோட்டெல்லாம் இனிமே செல்லாதுன்னு. மாத்திக்கவும் வழியில்லை. அப்பா கத்தலை, அழலை. டின்னை அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கையில குடுத்துட்டார். அதுங்க கடை வச்சு விளையாடுச்சுங்க. எங்கப்பாவோட பதினாறு வருச உழைப்புல அதுங்க மண்ணு இட்லி வாங்குச்சுங்க. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். என் கல்யாணம் நாலு வருசம் தள்ளிப் போச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், காகிதத்தை நம்பறதில்லைன்னு. தலையணை வித்த காசுல மிச்சம் பிடிச்சுத் தங்கமா வாங்க ஆரம்பிச்சேன். இங்கே தங்கத்தைக் கியாத்தாக் கணக்குல நிறுப்பாங்க, ஒரு கியாத்தான்னா உங்க ஊர் ரெண்டு சவரன் வரும். நகையா வாங்கினா கண்ணுல படும், செய்கூலி போகும். நான் வாங்கினது துண்டுத் துண்டாத் தகடு. இருபத்தெட்டு வருசத்துல பதினோரு கியாத்தா சேர்ந்தது. வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.

அவர் பேரு உதயசூரியன். மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுத்தற வேலை. தங்கமான மனுசன், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா கையில காசு நிக்காது. டீக்கடைக்குப் போனா நாலு பேருக்கு மீன் குழம்பு ஊத்தின மோஹிங்கா சேமியா வாங்கிக் குடுத்துட்டுத்தான் வருவார். மோட்டாரைச் சரி பண்ணிக் குடுத்துட்டு, "பாவம், அடுத்த மாசம் குடுப்பாங்க தங்கமணி"ம்பார். எந்த மாசமும் வராது. அப்படிப்பட்ட ஆளுகிட்டத் தங்கம் இருக்குன்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க.

ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு ஜூலையில அவருக்குக் காய்ச்சல் வந்தது. கொரோனாவுல ஊரே படுத்துக் கிடந்த மாசம். ஆஸ்பத்திரியில இடம் இல்லை. அஞ்சாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சது. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரம்மா டோ சான், விரல்ல மாட்டிப் பார்க்கற கருவியை ஒரு கம்புல கட்டி ஜன்னல் வழியா நீட்டினாங்க. எழுபத்தெட்டுன்னு காட்டுச்சு. "ஆக்சிஜன் இல்லாம முடியாது, மா தங்கமணி"ன்னாங்க.

நான் சும்மா இருந்தேன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது. பட்டாளம் ஆட்சியைப் பிடிச்ச வருசம் அது, கியாக்டடா பேட்டையில எங்க கணக்கு இருக்கற பாங்குல டோக்கன் குடுத்துத்தான் பணம் விட்டுக்கிட்டு இருந்தான். சாக்குச் சொல்றேன்னு நினைக்காதீங்க. காலையில ஆறு மணிக்கே போய் நின்னேன், வெயில்ல, மழையில, கால் வீங்க வீங்க. ஒரு நாள் கிடைச்சா ரெண்டு நாள் கிடைக்காது.

அவர் தம்பி மோகன் ஆத்துக்கு அக்கரையில தன்லியின்ல இருக்கான், தொழிற்சாலையில வேலை. அவன்தான் அலைஞ்சு ஒரு ஆளைப் பிடிச்சான். அந்த ஆளுகிட்ட நாலு சிலிண்டர் இருந்தது. பணமா இருந்தா முழுசா வேணும், இல்லைன்னாத் தங்கம் குடுன்னுட்டான். மோகன் பொண்டாட்டி கலாவையும் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னு கேட்டான். "அண்ணி, குண்டுமணி அளவு நகை இருந்தாலும் குடுங்க. அண்ணனைக் காப்பாத்திடலாம்."

நான் என் மூளிக் காதைத் தொட்டுக் காட்டினேன். ரேவதியைச் சிங்கப்பூர் அனுப்பினப்பவே எல்லாம் போச்சுப்பான்னு சொன்னேன்.

கலா திரும்பி நின்னு தாலிக்கொடியைக் கழட்டி அவன் கையில குடுத்தா. தாலியை ஒரு மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டிக்கிட்டு, "மாமா எந்திரிச்சு உக்காரட்டும் அக்கா, கொடி எங்கே போகுது"ன்னா. நான் தடுக்கலை. மனசாரக் குடுக்கறவளை வேண்டாம்னு சொன்னா அவ வருத்தப்பட மாட்டாளா? நூல் மாதிரி மெல்லிசான அந்தக் கொடிக்கு ஒரு சிலிண்டர் வந்தது. மறுநாள் காலை வரைக்கும் தாங்குச்சு.

அந்தக் காலையில அவர் முகம் கொஞ்சம் தெளிவா இருந்தது. என்னைக் கூப்பிட்டார். "தங்கமணி, இந்தத் தலையணையை மாத்தேன். என்னமோ உறுத்துது."

"இலவங்கொட்டையா இருக்கும். பஞ்சைச் சரியா அடிக்காம அடைச்சுட்டேன்"னு சொன்னேன்.

அந்த நிலைமையிலயும் அவருக்குச் சிரிப்பு. "முப்பது வருசமா தைக்கிறே, கட்டின புருசனுக்குக் கொட்டைத் தலையணையா"ன்னார். அப்புறம் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு வச்சுக்கிட்டார்.

அது கொட்டை இல்லை, மேடம். அதான் அந்தப் பதினோரு கியாத்தா. அதுக்கு முன்னாடி அலமாரி மேல இருந்தது அந்தத் தலையணை. அந்த மாசம் ஊர்ல திருட்டுப் பயம் தாங்கலை. நானோ பகல் பூரா பாங்கு வாசல்ல. வீட்டுக்குள்ள யார் யாரோ வந்து போற நேரம். அதனால அவர் காய்ச்சல்ல படுத்த மறுநாளே எடுத்து அவர் தலைக்கு வச்சுட்டேன். காய்ச்சல்காரன் தலையணையை எவன் தொடுவான்? ரங்கூன் முழுக்கத் தேடினாலும் அன்னைக்கு அதை விடப் பத்திரமான இடம் கிடையாது.

கத்தரிக்கோல் என் இடுப்புலதான் இருந்தது, எப்பவும் இருக்கும். தையலைப் பிரிக்க ஒரு நிமிசம் ஆகாது. கல்லு மனசுக்காரின்னு நினைக்காதீங்க, ரெண்டு தடவை கையில எடுத்தேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு ஒரு தகடு, நாளைக்கு ஒரு தகடு, அப்படியே போய் அவரும் பிழைக்கலைன்னா நான் என்ன பண்றது? பிழைச்சு எழுந்தார்னா இன்னும் மோசம். தங்கம் இருக்குன்னு தெரிஞ்சு போயிருமே. ஊர்ல மூச்சு முட்டறவனுக்கெல்லாம் சிலிண்டர் வாங்கிக் குடுத்திருப்பார், அந்த மனுசன். அவரை எனக்குத் தெரியாதா?

கத்தரிக்கோலை மறுபடியும் இடுப்புல சொருகிக்கிட்டு, வரிசையில நிக்கப் போயிட்டேன்.

பகல் பதினொன்றரைக்கு மோகன் போன் பண்ணினான். அழுதான். எனக்கு முன்னாடி இன்னும் முப்பது பேர் இருந்தாங்க. டோக்கனைப் பின்னாடி நின்ன ஆளுக்கு வித்துட்டு டாக்சி பிடிச்சேன். டாக்சிக்குக் காசு வேணுமில்ல.

ஆக்சிஜன் கிடைக்காமச் செத்தார்னு இன்னைக்கும் எல்லாரும் சொல்றாங்க. கிடைச்சது, மேடம். தன்லியின்ல இன்னும் மூணு சிலிண்டர் நின்னுக்கிட்டு இருந்தது. ஒரு தகடு குடுத்திருந்தா மூணும் வந்திருக்கும். நான்தான் குடுக்கலை.

சாயங்காலம் எடுத்துக்கிட்டுப் போக ஆளுங்க வந்தாங்க, தலையிலிருந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு. பாய், போர்வை, தலையணை எல்லாத்தையும் சேர்த்து எரிக்கணும்னாங்க. நான் பாய்ஞ்சு தலையணையைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க இழுக்க, நான் இழுக்க. "அவர் தலை வச்ச தலையணை, இதையாவது எனக்கு விடுங்க"ன்னு கதறினேன். அன்னைக்கு முதல் தடவையா எனக்கு அழுகை வந்தது அப்பத்தான். நிஜமான அழுகை. வந்தவங்கள்ல ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டுட்டு விலகிட்டார். கலா என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. ரேவதி வீடியோவுல எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தா.

அதுலேர்ந்து எனக்கு ஊர்ல ஒரு பேரு. புருசன் மேல இப்படி ஒரு பிரியமான்னு வாய் ஓயாமப் பேசறாங்க. கலாதான் அதிகமாப் பேசுவா. நாலு வருசமா அவ கழுத்துல மஞ்சக் கயிறுதான். ஒரு தடவைகூட என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா ஏதாவது யோசிச்சிருப்பேன். ரேவதி ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்தப்ப அந்தத் தலையணையிலதான் படுத்தா. அப்பா வாசனை வருதும்மான்னா. விடிஞ்சு பார்த்தா அவ கன்னத்துல கோடு விழுந்திருந்தது. "கொட்டை உறுத்துதும்மா, ஆனாலும் பரவாயில்லை"ன்னா. அவளுக்கும் அப்பா குணம்தான்.

எனக்குத் தூக்கம் நல்லா வருது. உங்களுக்குச் சந்தேகம் இருக்கும், அதனால சொல்றேன். தங்கம் இப்ப நாலு மடங்கு விலை. அன்னைக்கு அதை ஒரு மூச்சுக் காத்துக்கு வித்திருந்தா இன்னைக்கு எவ்வளவு நட்டம். சில நேரம் அந்த விலையை அவர்கிட்டச் சொல்லணும்னு தோணும். பார்த்தீங்களா, நான் சொன்னேன்லன்னு. சொல்றதுக்கு ஆள் இல்லையேங்கறப்பத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்.

கரண்டு போற நேரமாச்சு. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா நல்லாக் குணமாயிட்டாங்க, தலையணையை ஆத்துல விட வேண்டாம்னு ரேவதிகிட்ட உங்க வாயால சொல்லிடுங்க. நான் சொன்னா அவ கேக்க மாட்டா, நீங்க சொன்னாக் கேப்பா. மத்ததெல்லாம் அவளுக்கு எதுக்கு? எனக்காகவா நான் இதைக் கட்டிக் காக்கறேன்? குடும்பத்துக்குன்னு ஒரு ஆபத்து வந்தா உடனே பிரிச்சு எடுக்கத்தான் வச்சிருக்கேன். கடவுள் புண்ணியத்துல, இதுவரைக்கும் எங்க வீட்டுக்கு அப்படி ஒரு ஆபத்து வரலை.