ஆறு கிலோ இருநூறு

ஜெகதீசன்: இப்பப் பாரும்மா கெஸியா... குமிழ் நடுவுல வந்து நின்னுருச்சு. கொத்தனார் ரசமட்டம் வெச்ச மாதிரி. அவ்வளவுதான, கொழந்த சீட்டு மாட்டியாச்சு, வேலை முடிஞ்சுது.

கெஸியா: குமிழ் நடுவுலதான் நிக்குதுங்ணா. கார் எங்க நிக்குது?

ஜெகதீசன்: எங்கன்னா... உன் பேக்கரி வாசல்ல.

கெஸியா: என் பேக்கரி வாசல்ல ஒரு ஆரஞ்சு உருண்டா குன்னூர் பஸ் ஸ்டாண்டுல போய்த்தான் எடுக்கோணும். உங்க வண்டி மூக்கு பள்ளத்தப் பாத்து நிக்குது. இங்க மட்டம் பாத்து வெச்சுட்டு சமதரைக்குப் போனா, சீட்டு நட்டுக்குத்தா நிக்கும். கொழந்தைக்குத் தல முன்னால தொங்கிரும். மூச்சு முட்டும்.

ஜெகதீசன்: அடக் கடவுளே... இருவது வருஷமா டாக்ஸி ஓட்டுறேன், இது தோணலையே.

கெஸியா: நீங்க டாக்ஸி ஓட்டுனீங்க. நான் மஸ்கட்ல ஒம்பது வருஷம் அடுத்தவங்க புள்ளைகள இதுல கட்டிக் கட்டி எறக்குனேன். ஒரு பெல்ட்டு தொளதொளன்னு இருந்தா அன்னிக்கே டிக்கெட்டு போட்டு அனுப்பிருவாங்க. அங்க அப்படி... இங்க என் பையன் அதே ஒம்பது வருஷமும் ஜீப்பு முன் சீட்டுல யாரோ ஒருத்தர் மடியிலதான் வளந்தான். சரி விடுங்க. சமதரை எங்க இருக்கு?

ஜெகதீசன்: நீலகிரியில வந்து சமதரை கேக்குற பாரு...

கெஸியா: யோசிங்ணா. நாளைக்குக் காலையில கோயமுத்தூர் போகோணும்னு நீங்கதான் குதிக்கறீங்க.

ஜெகதீசன்: ஆமாமா, விடிகாலையில கெளம்பினாத்தான்... கஸ்டமரம்மாவையும் கொழந்தையையும் ஏத்திக்கிட்டு, மேட்டுப்பாளையம் தாண்டி, பதினாலு வளைவும் ஏறி, இருட்டறதுக்குள்ள ஊடு சேரோணும். இரு... டீ ஃபாக்டரி எடைமேடை. கொழுந்து லாரிய எடை போடுற எடம். அது மட்டமாத்தான இருந்தாகோணும்?

கெஸியா: அப்படிப் போடுங்க. எடுங்க வண்டிய. கடைய, வேலைக்கு நிக்கற வனிதா பாத்துக்குவா.

ஒச்சப்பன்: ஏய் ஜெகா, என் எடைமேடையில டாக்ஸிய ஏத்தி என்னடா பண்ற? நாலு மணிக்கு லாரி வரும்.

ஜெகதீசன்: ஒச்சப்பண்ணே, அரை மணி நேரம் குடு. கஸ்டமர் விஷயம். எறக்கிர்றேன்.

ஒச்சப்பன்: சரி சரி. மேனேஜர் கேட்டா நான் உன்னப் பாக்கவே இல்ல.

கெஸியா: இப்பக் குமிழப் பாருங்ணா.

ஜெகதீசன்: ஓரத்துக்கு ஓடிருச்சு... நல்ல வேளை கேட்டேன். கெஸியா, நல்ல வேளை நான் உன்னக் கேட்டேன்.

கெஸியா: சீட்ட இன்னும் சாய்ங்க... போதும். இப்பக் கார் பெல்ட்ட இந்த நீலக் கொக்கிக்குள்ள விடுங்க. செவப்புல இல்ல, அது பெரிய புள்ளைகளுக்கு.

ஜெகதீசன்: ஒரு சந்தேகம். இத அப்படியே திருப்பி முன்பக்கம் பாத்து வெச்சா, கொழந்தை ரோட்ட வேடிக்கை பாத்துக்கிட்டு வருமில்ல?

கெஸியா: ஏழு மாசக் கொழந்தைக்கு ரோட்டுல என்ன ஜோலி? கழுத்து இன்னும் பிஞ்சுங்ணா. பின்னால பாத்து ஒக்காந்தா, பிரேக் போடறப்ப முதுகு முழுக்கத் தாங்கிக்கும். முன்னால பாத்து ஒக்காந்தா கழுத்து ஒண்ணுதான் தாங்கோணும். முழங்கால வெச்சு அழுத்துங்க. ம்... இழுங்க. இன்னும். ஆட்டிப் பாருங்க.

ஜெகதீசன்: அசையவே மாட்டேங்குது. கெஸியா, பாறை மாதிரி நிக்குதும்மா.

கெஸியா: சிரிப்பப் பாரு. லாட்டரி அடிச்ச மாதிரி. கொழந்தைக்குப் பதிலா என்ன கொண்டாந்தீங்க?

ஜெகதீசன்: இந்தா, அரிசி. துணிப்பையில கட்டி, கரெக்டா ஆறு கிலோ இருநூறு.

கெஸியா: இருநூறு வரைக்கும் கஸ்டமர் சொன்னாங்களா?

ஜெகதீசன்: சொன்னாங்க... சொல்லாம எப்படி. போன வாரம் ஆறு கிலோ அம்பது. இப்ப இருநூறு. நல்லா ஏறிக்கிட்டு இருக்கு.

கெஸியா: ரொம்ப வெவரமான கஸ்டமர். இது என்ன, அரிசி மூட்டைக்கு மூணு ஸ்வெட்டரா?

ஜெகதீசன்: மேல ஏற ஏறக் குளிருமில்ல. பர்லியார் தாண்டினதும் பனி எறங்கிரும். கீழருந்து வர்ற கொழந்தை, தாங்காது. ரஞ்சனிதான் பின்னிக் குடுத்தா.

கெஸியா: உங்க கஸ்டமர் கொழந்தைக்கு உங்க சம்சாரம் மூணு ஸ்வெட்டர் பின்னினாங்களா...

ஜெகதீசன்: அவளுக்கும் பொழுது போகோணுமில்ல. நீ பெல்ட்டப் போடு.

கெஸியா: நீங்க போடுங்க, நான் பாக்கறேன். தோள்மேல... நடுவுல பக்கிள்... இழுங்க. ம், டைட்டா இருக்கா?

ஜெகதீசன்: வெரல் போகல. சூப்பரா இருக்கு.

கெஸியா: அப்ப இந்த ஃபாக்டரி மைதானத்த ஒரு சுத்து சுத்துங்க. அந்தக் கோடியில கொண்டை ஊசியில திருப்புற மாதிரியே படக்குன்னு திருப்புங்க. பயப்படாதீங்க, கொழந்தை இல்ல, அரிசி.

ஜெகதீசன்: போறேன் பாரு... இந்தா வளைக்கிறேன்...

கெஸியா: நிறுத்துங்க. பின்னால திரும்பிப் பாருங்க.

ஜெகதீசன்: ஸ்வெட்டர் மட்டும் பெல்ட்டுல நிக்குது. பை... கீழ கெடக்குது.

கெஸியா: கம்பளி அமுங்கிப் போச்சுங்ணா. நீங்க இறுக்கினது கம்பளியத்தான், கொழந்தைய இல்ல. நம்ம மலையில எல்லாரும் பண்ற தப்பு இது. குளிருக்கு மூட்டை கட்டுவோம், மூட்டைக்கு மேல பெல்ட்டப் போடுவோம். உள்ள நாலு வெரக்கட சந்து இருக்கறது யாருக்கும் தெரியாது. என்னங்ணா, மொகம் ஏன் இப்படி ஆகிப்போச்சு? அரிசிதான?

ஜெகதீசன்: ...அரிசிதான்.

கெஸியா: அப்பறம் ஏன் பைய அப்படி அணைச்சுத் தூக்கறீங்க?

ஜெகதீசன்: கொட்டிரப் போவுதுன்னுதான். வா, மறுக்கா கட்டலாம். மறுபடி மொதல்ல இருந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு.

கெஸியா: ஸ்வெட்டர் மூணையும் கழட்டுங்க. மெல்லிசா ஒரு சட்டை போதும். இப்பப் பட்டையத் தோள்ல வெச்சு இழுங்க. ரெண்டு வெரல்ல பட்டையக் கிள்ளிப் பாருங்க. மடிப்பு கைக்கு வருதா?

ஜெகதீசன்: கொஞ்சம் வருது.

கெஸியா: அப்ப இன்னும் இழுங்க. கிள்ள வரவே கூடாது.

ஜெகதீசன்: இப்ப... வரல. வழுக்குது.

கெஸியா: இதுதான் கணக்கு. இதுக்கு மேல போர்வையப் போத்தி விடுங்க, ஸ்வெட்டரையும் மேலாப்புல போடுங்க. குளிரு வெளிய, பெல்ட்டு உள்ள. போங்க, இன்னொரு சுத்து.

ஜெகதீசன்: மூணு சுத்து போறேன். உக்காரு நீயும், பக்கத்துல இருந்து பாரு... என்ன, அசையுதா? சொல்லு சொல்லு.

கெஸியா: அசையல.

ஜெகதீசன்: இப்ப? இந்தா பிரேக்கு.

கெஸியா: எனக்குத்தான் தல சீட்டுல இடிச்சுது. அரிசி ஜம்முனு ஒக்காந்திருக்கு.

ஜெகதீசன்: கெஸியா, நீ தெய்வம்மா. நாளைக்கு உனக்கு ஒரு கிலோ ஊட்டி வர்க்கி... இல்ல, வர்க்கி நீயே சுடற. வேற என்ன வேணுமோ கேளு.

கெஸியா: ஒண்ணும் வேண்டாம். அந்தக் கஸ்டமரம்மா சீட்டுல ஒக்கார வெக்க ஒத்துக்குவாங்களா, அத மட்டும் சொல்லுங்க.

ஜெகதீசன்: அதுதாம்மா எனக்கும் கவலை. மடியில வெச்சுக்குவேன்னு சொன்னா என்ன பண்றது?

கெஸியா: முடியாதுன்னு சொல்லோணும். முட்டுற நேரத்துல ஆறு கிலோ ஆறு கிலோவா இருக்காதுங்ணா. நூறு கிலோவுக்கு மேல இழுக்கும். எந்தத் தாய் கையும் நிக்காது. எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் நிக்காது.

ஜெகதீசன்: புரியுது. ஆனா அவ பதினோரு வருஷமா வெறும் மடியோட இருந்தவ கெஸியா. மொத நாளு. மொதத் தடவ. கைக்கு வந்த உடனே வாங்கி, சீட்டுல வெச்சுக் கட்டுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?

கெஸியா: கஸ்டமர 'அவ'ன்னா சொல்லுவீங்க?

ஜெகதீசன்: ...வாய் தவறிருச்சு.

கெஸியா: பக்கத்துல ஒக்காரச் சொல்லுங்க. கொழந்தை பின்பக்கந்தான பாத்து இருக்கும், மொகம் நல்லாத் தெரியும். கைய நீட்டினா வெரலப் பிடிச்சுக்கும். பதினாலு வளைவும் பிடிச்சுக்கிட்டே வரலாம். மடி எங்க போயிரும்? ஊட்டுக்கு வந்து வெச்சுக்கட்டும், விடிய விடிய வெச்சுக்கட்டும்.

ஒச்சப்பன்: ஜெகா, லாரி கேட்டுக்கு வந்தாச்சு. வழிய விடு, வழிய விடு.

ஜெகதீசன்: இந்தா விடறேண்ணே... கெஸியா, வண்டிய ஓரங்கட்டறேன், ஒரு நிமிஷம் இரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். யாருக்கும் சொல்லிராத.

கெஸியா: சொல்லுங்ணா.

ஜெகதீசன்: கஸ்டமர்னு யாரும் இல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோயமுத்தூர்ல, கொழந்தைங்க இல்லத்துல தத்தெடுக்கற கையெழுத்து. பொண்ணு. இடது கன்னத்துல மட்டும் குழி விழுது. ரெண்டு தடவ ரஞ்சனி முழுகாம இருக்கான்னு எங்க எஸ்டேட் லயன் ஊடுக பூரா லட்டு குடுத்தோம். ரெண்டு தடவையும் அதே லயன் பூரா துக்கம் விசாரிக்க வந்துச்சு. அதனால, புள்ள வாசப்படி தாண்டுற வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. எனக்கு சந்தோஷம் தாங்கல கெஸியா, மூணு நாளாத் தூக்கம் இல்ல. ஆனா அவ கைய நீட்டினா நான் மடியில குடுத்துருவேன். என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. நான் கேட்டேன்னு காட்டிக்காம, நீயே வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்றியா?

கெஸியா: ரஞ்சனி ஞாயித்துக்கெழமையே என் கடைக்கு வந்துட்டுப் போயிட்டாங்ணா. 'அவரு கஸ்டமர் கொழந்தைன்னு ஏதாவது கதை சொல்லிக்கிட்டு வருவாரு, நீ நம்புற மாதிரியே இரு. என் மொகத்தப் பாத்தா எரக்கப்பட்டுப் புள்ளய மடியில குடுத்துருவாரு. குடுத்தா நான் வாங்கிக்குவேன் கெஸியா, வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அவர நல்லா பயமுறுத்தி அனுப்பு'ன்னு சொன்னா.