டென்ட் மேல் பத்து கிலோ பச்சரிசி

"பத்து கிலோ பச்சரிசியை அப்படியே டென்ட் மேல கொட்டினேன்ப்பா" என்று மெட்ரோவில் பக்கத்து சீட் அம்மாள் தன் தோழியிடம் சொன்னாள். நந்தனத்தில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை.

"அரிசி எதுக்குப்பா?"

"இமயமலைக்கு டிரெக்கிங் போறோமே, பனி கொட்டினா டென்ட் தாங்கணுமில்ல? நம்ம ஊர்ல பனிக்கு எங்க போறது? ரெண்டு டென்ட் வாடகைக்கு எடுத்து மொட்டை மாடியில கட்டினேன். ஒண்ணு லேசு, இன்னொண்ணு ஒரு கிலோ கூட."

"காத்துக்கு?"

"அடையாறு மாடியில கடல் காத்துக்கா பஞ்சம்? ரெண்டுமே நின்னுச்சு."

"அப்ப லேசானதையே எடுத்துக்கோயேன்."

"வீட்டுக்காரரும் அதான் சொன்னாரு. தூக்கப்போறது அவருதானே, முழங்கால் வலி வேற. அந்த லேசான டென்ட்டுக்குள்ள போய் ஜம்முனு படுத்துக்கிட்டாரு. நான் அரிசியைக் கொட்டினேன்."

"ஐயையோ!"

"கம்பி வளைஞ்சு, டென்ட் மொத்தமா அவர் மேல உக்காந்துடுச்சு."

"திட்டினாரா?"

"இல்லப்பா. 'கனமானதையே எடுத்துக்கலாம், நான் தூக்கறேன்'னு துணிக்கு அடியிலேர்ந்து குரல் மட்டும் வந்துச்சு."