கம்பியில் ஒரு கட்டைவிரல்

முதலில் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். பையில் போட்டு முடிச்சுப் போட்டு, ஏதோ வெடிகுண்டு மாதிரி இதைத் தூக்கி வந்திருக்கிறீர்கள். போன் செய்திருந்தாலே ஒப்புக்கொண்டிருப்பேன். ஆமாம், என் தங்கை காரின் காற்று சென்சார்தான். கம்பியில் கிரீஸ் பூசியது என் கட்டைவிரல்தான்.

நீங்களும் மெக்கானிக், உங்களுக்கே பாடம் எடுக்கிறேன் பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய சூடான கம்பி. எஞ்சினுக்குள் போகும் காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்கிறதோ, அதற்கேற்றபடி கம்ப்யூட்டர் பெட்ரோல் கொடுக்கும். சென்சாரைக் கழற்றிவிட்டால் அது உஷாராகி, குத்துமதிப்பாகச் சமாளித்துக்கொள்ளும். அழுக்கு பூசிவிட்டால் மட்டும், வருகிற தப்புக் கணக்கை அப்படியே நம்பிவிடும். அதில் அது என் தங்கை மாதிரி.

முதல் தடவை, வெளியூரில் நர்ஸ் வேலைக்கு நேர்காணல். பாதி வழியில் வண்டி படுத்துவிட்டது. “அண்ணா, வந்து கூட்டிட்டுப் போறியா?” என்றாள். போனேன். குடையை எங்கே வைத்தோம் என்றே தெரியாதவளுக்கு வெளியூர் எதற்கு? இரண்டாவது தடவை, அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் பதிவு அலுவலகத்தில் சாயங்காலம் வரை காத்திருந்தார். நல்ல மனிதர், பொறுமைதான் போதாது.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போவதை நினைத்தால் எனக்குப் பயம். அவ்வளவுதான் காரணம்.

மூன்றாவது தடவைதான் கொஞ்சம் பிசகிவிட்டது. எங்கள் தெருவிலேயே நிற்க வேண்டிய வண்டி, மேம்பாலம் வரை ஓடிப்போய் நின்றது. என்னவென்று பார்க்க இறங்கியவளை லாரி உரசிவிட்டது. வலது கால். ஏழு மாதம் தூக்கி உட்காரவைத்து, தலை வாரி, ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொண்டேன். “நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோண்ணா” என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், நான் சந்தோஷமாக இருந்த ஏழு மாதம் அதுதான்.

இப்போது விந்தி விந்தி நடந்தாலும் வண்டி ஓட்டுகிறாள். மறுபடி ஒரு வெளியூர் வேலை, நாளைக் காலை சேர வேண்டும். வண்டி இழுக்கவில்லை என்று என்னிடம் சொல்லாமல் உங்களிடம் விட்டாளே, அதில்தான் எனக்கு வருத்தம்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, பாவம், தாங்கமாட்டாள். நானும் பழைய ஆள் இல்லை. போகட்டும், சந்தோஷமாக வழியனுப்புகிறேன்.

வண்டியையும் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள், சென்சாரை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நானே துடைத்து மாட்டிவிடுகிறேன்.