மொட்டைமாடியில் ஆறு தக்காளித் தொட்டிகள்

பிறர் பல்லைக் காப்பதோடு இக்குடியிருப்பின் நலத்தையும் காத்து, இந்த மாடித்தோட்டத் தொடக்க விழாவுக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! என்னைவிட வயதில் மூத்து, என்னைவிட நேரத்தோடு வந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்து, நான் என்ன உளறப்போகிறேனோ என்று இப்போதே நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வாழ்க்கைத் துணைவியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை எழுதியவன் நான். கடந்த டிசம்பர் முப்பத்தொன்றாம் நாள் ஓய்வு பெற்றேன். சனவரி மூன்றாம் நாள், குக்கர் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை விசிலடிக்கிறது என்று குறிப்பெழுதத் தொடங்கினேன். அன்று என் துணைவியார் சொன்னார்: "ஏங்க, ஒண்ணு நீங்க மாடிக்குப் போங்க, இல்லேன்னா நான் போறேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த வீட்டில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அந்த மாடி மூலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடமே இல்லை!

சனவரி ஆறாம் நாள், திங்கட்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு, மாடியில் செடித்தொட்டி வைக்க நம் தலைவரிடம் அனுமதி கேட்டேன். "மாடி ஒழுகுனா யார் சார் பொறுப்பு?" என்றார். தொட்டிகளைச் செங்கல்மேல் தூக்கி வைக்கிறேன் என்றேன். "சரி, ஜூன் ஒண்ணாம் தேதி பொதுக்குழு. அதுக்குள்ள வாயில வைக்கிற மாதிரி ஏதாவது காய்ச்சா ஓட்டுக்கு விடுறேன். இல்லேன்னா அத்தனையும் இறக்கிடணும்." நியாயமான நிபந்தனை. நெஞ்சை நடுக்கிய நிபந்தனை!

மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. கலந்தேன். சனவரி பன்னிரண்டு, ஞாயிறு, பன்னிரண்டு தக்காளி விதைகளை ஊன்றினேன். விதை உறையில் 'முளைக்கும் காலம் ஏழு நாள்' என்று அச்சிட்டிருந்தது. ஏழாம் நாள் வரவேண்டியது ஏழாம் நாள் வராவிட்டால் என் அட்டவணையில் அதற்கு என்ன பெயர்? தாமதம்! தாமதத்துக்குக் காரணம் கண்டறிய வேண்டாமா? தேக்கரண்டியால் தோண்டிப் பார்த்தேன். வெள்ளை வேர் நூலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கரண்டி பட்டு முறிந்தது. மீண்டும் விதைத்தேன், ஏழாம் நாள் தோண்டினேன். மீண்டும் விதைத்தேன், மீண்டும் தோண்டினேன். முப்பத்தாறு விதைகள், ஐயா! முப்பத்தாறையும் விசாரணை நடத்தியே கொன்றேன்!

பிப்ரவரி இரண்டாம் நாள் துணைவியார் மாடிக்கு வந்தார். "அடைகாக்குற முட்டைய உடைச்சுப் பாத்துட்டு, குஞ்சு எங்கன்னு கோழியைக் கேக்குறீங்களே." நான்காம் விதைப்பை அவரே செய்தார். மாடிச் சாவி அவர் இடுப்புக்குப் போனது. ஒன்பதாம் நாள், பிப்ரவரி பதினொன்று, செவ்வாய், கதவைத் திறந்துவிட்டார். பதினொரு முளைகள்! திடமான ஆறைத் தேர்ந்து ஆறு தொட்டிகளில் நட்டோம்.

என்னம்மா கேட்கிறீர்கள்? தண்ணீரா? காலையில் மட்டும். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும்.

வளர்ந்தது, பூத்தது, பிஞ்சு விட்டது. மே ஒன்பதாம் நாள், பொதுக்குழுவுக்கு இருபத்துமூன்று நாள் இருக்க, இலைக்கு அடியில் சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சி! ஈர் அப்பியதுபோல் ஆறு செடியிலும் அசுவினி! ஓடினேன் பூச்சிமருந்துக் கடைக்கு. "ரெண்டே நாள்ல சுத்தமாயிடும் சார், ஒரு வாரம் மட்டும் பறிச்சுச் சாப்பிடாதீங்க" என்றார் கடைக்காரர். வெட்கத்தோடு சொல்கிறேன், வாங்கிவிட்டேன். மாடிப்படியில் துணைவியார் மறித்தார். "கடைக்காய்ல இல்லாத விஷமா? அதை ஊத்தவா நாலு மாசம் படியேறுனீங்க?"

"செடி போயிட்டா மாடியும் போயிடுமே" என்றேன்.

"போனா போகட்டும். துணியை எடுங்க."

வேப்பெண்ணெய், துளி சோப்பு, தண்ணீர். இலை இலையாக, அடியும் மேலுமாக, ஒன்பது நாள் இருவரும் துடைத்தோம். திருமணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியதில்லை. மே பதினெட்டில் இலைகள் தெளிந்தன. இருபத்தைந்தில் முதல் பழம் சிவந்தது!

ஜூன் ஒன்று. இதே கூடம். தட்டில் நாற்பத்துமூன்று தக்காளி. தலைவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "மருந்து அடிச்சதா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் துணைவியார் சொன்னார்: "கழுவாமலே கடிங்க டாக்டர்."

கடித்தார். சாறு சட்டையில் வழிந்தது. துடைக்கவில்லை, முழுப்பழத்தையும் முடித்தார். பிறகு, "தொட்டி இருக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்று கேட்டுக்கொண்டே முதல் கையை அவரே தூக்கினார்! இருபத்துநான்கு வீடுகளில் இருபத்திரண்டு கைகள். மற்ற இரண்டு வீட்டார் அன்று ஊரில் இல்லை.

அன்பார்ந்தவர்களே! கடையை நம்பினோம், காயை நம்பினோம், காயின் மினுமினுப்பையும் நம்பினோம். நம் கைகளை நம்பினோமா? கழுவாமல் கடிக்கக் கொடுக்கக்கூடிய ஒரு பழம், நம் பிள்ளைக்கு நாமே விளைவித்த ஒரே ஒரு பழம், அதைவிடப் பெரிய வெற்றி ஒரு வீட்டுக்கு உண்டா? தோட்டம் வேண்டாம், தோப்பு வேண்டாம்; ஒரு தொட்டி போதும்! ஆறு மணி நேர வெயில் போதும்! தோற்பதற்கு அஞ்சாத ஒரு மனம் போதும்! முப்பத்தாறு விதைகளைக் கொன்று தோற்ற நானே இந்த மேடையில் நிற்கிறேனே, உங்களுக்கென்ன தயக்கம்?

வாசலில் இருபத்துநான்கு வீடுகளுக்கும் நாற்றுகள் காத்திருக்கின்றன. மாடி முழுவதும் இன்றுமுதல் உங்களுடையது. பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு என் நன்றி. இன்று மாலையே மண்ணைத் தொடப்போகும் கைகளுக்கு என் வணக்கம்.