நாலு ஊர் டாக்டர்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். முன் சீட்டில் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“ஒங்க தங்கச்சி கடலூரத் தாண்டுனதில்ல மச்சான். அவ மார்லேந்து எடுத்த சதை டில்லி வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு.”

“கெட்டுப் போவாதா?”

“மெழுகுல பதிச்சு அனுப்புறாங்க. என்ன வகை கேன்சர்னு இங்க டாக்டருக்கு சந்தேகம். சென்னைக்கு அனுப்புனாரு. அவுங்க பம்பாய்க்கு, அப்புறம் டில்லிக்கு. கடைசியா நாலு பேரும் போன்ல ஒண்ணா பேசி, இந்த மருந்துதான்னு முடிவு பண்ணாங்களாம். மூணு பேரு அவ மூஞ்சியக்கூட பாத்ததில்ல!”

“நம்ம ஊட்டுப் பொண்ணுக்காவா இவ்ளோவும்?”

“அதான் எனக்கும் நம்ப முடியல. அந்த மருந்த இப்ப கடலூர்லயே ஏத்துறாங்க. கட்டி பாதியா கொறஞ்சிடுச்சு.”

மச்சான் அவர் கையைக் குனிந்து பார்த்தார். “கையில என்ன சீட்டு?”

“நாலு டாக்டருங்க பேரு. ரிப்போர்ட்டப் பாத்து அவளே எழுதுனா. கோயில்ல அர்ச்சனை பண்ணணுமாம்.”

“நட்சத்திரம் கேப்பாங்களே?”

“நானும் கேட்டேன். எல்லாருக்கும் என்னோட நட்சத்திரத்தையே சொல்லுங்கன்னுட்டா.”