ரெய்னோவின் கீழ்ப்பல்

பல்செட்டைக் கழற்றினால் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இப்படிக் காகிதப் பையில் போட்டு ஹீட்டர் பக்கத்து மேசையில் வைத்தால் உலர்ந்து வளைந்துவிடும். அதுவும் இரண்டு செட். உங்களைக் குறை சொல்லவில்லை, மேடம். ஷெரிஃப் அலுவலகத்தில் இதையெல்லாம் யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும், நான் பேச ஆரம்பித்துவிடுவேன்.

நன்றி.

எல்வின் பென்ஹேல். வயது எழுபத்தொன்று. இந்த பியூட் ஊரில் முப்பத்தெட்டு வருஷம் பல்செட் செய்தவன். சுரங்கத்துக்குள் பாறையைக் கடித்தே பல்லைத் தொலைத்த ஊர் இது. ஜூலை சுதந்திர தின ஊர்வலத்தில் ஊரே சேர்ந்து சிரித்தால் அதில் முக்கால் பங்கு என் கடைச் சிரிப்பு. நான் செய்த பல்லால் ஒருவன் பீர்ப் பீப்பாயின் ஆணியைப் பிடுங்கியிருக்கிறான். நான் பார்த்தேன், அல்லது பார்த்தவனைப் பார்த்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு 'மூன்றாம் ஷிப்ட்' பாருக்குப் போவேன். பின்பக்க அறையில் போக்கர் மேசை. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்குப் பக்கத் தொழில். குடிக்க மாட்டேன். நல்ல சீட்டு வரும்வரை ஒரு மணி நேரம் ஆனாலும் கையைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டே இருப்பேன். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். பெரிய கிளினிக்குகள் வந்து தாடையில் திருகாணி முறுக்கிப் பல் நட ஆரம்பித்த பிறகு, உண்மையில் பல்லைவிடச் சீட்டுதான் எனக்குச் சோறு போட்டது. என் மனைவி இருந்தவரை எனக்கு இரண்டு கடை என்றுதான் சொல்வாள்.

அந்த இரண்டாவது கடையில் எனக்கு ஒரே ஒரு தொல்லை. ரெய்னோ கங்காஸ்.

ஃபின்லாந்துக்காரக் குடும்பம், மூன்றாம் தலைமுறை. தாமிரச் சுரங்கத்தில் வெடி வைத்தவன். அவன் முகத்தை நீங்கள் உயிரோடு பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் சுரங்கம் இடிந்து விழுந்தால்கூட மணி என்ன ஆச்சு என்று கேட்கிற முகம். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவையும் மனைவியின் அடக்கத்தன்று எடுத்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சட்டைதான் வேறு. போக்கரில் ஒருவன் கையில் உண்மையிலேயே சீட்டு இருக்கிறதா, வெறுங்கையை வைத்துக்கொண்டு மிரட்டுகிறானா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பத்தொன்பது வருஷம் அவன் எதிரில் உட்கார்ந்தேன். ஒருநாள்கூட எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நண்பன். அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி போனபோது நாற்பது நாள் என் வீட்டு வாசலில் பனி வாரினான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவனுக்குப் பல்செட் செய்தது நான்தான், ஏழு வருஷத்துக்கு முன்னால். பல் போன ஈறு சும்மா இருக்காது, வருஷா வருஷம் தேயும். செட் தளரும், அதிலும் கீழ்ப்பல். இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேசையில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டக். அவ்வளவுதான். பாரில் டி.வி. ஓடுகிறது, மூலையில் சூதாட்ட இயந்திரங்கள் கூவுகின்றன, யார் காதிலும் அது விழாது. செய்தவன் காதில் விழும். ரெய்னோ வெறுங்கையோடு மிரட்டும்போது தாடையை இறுக்கினான். தளர்ந்த கீழ்ப்பல் எழும்பி மேல்பல்லை ஒருமுறை தொட்டது. கையில் சீட்டு இருக்கும்போது அவன் தாடை தளர்ந்து கிடந்தது, சத்தமே இல்லை. மூன்று வாரம் சோதித்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை.

பத்தொன்பது வருஷம் கல்லாக இருந்த ஒரு முகம் கடைசியில் என்னோடு மட்டும் பேசியது. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, மேடம். அது பணத்தால் வந்தது இல்லை.

ஏப்ரலில் அவனே கடைக்கு வந்தான்.

"டேய் எல்வின், இந்தக் கீழ்ப்பல்லு ஆடுதுடா. மாட்டுக்கறி மென்னா அது ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன்."

"அளவு எடுத்துப் புதுசா செஞ்சிரலாம். உக்காரு."

"புதுசு வேணுமா? எனக்கு என்ன பொண்ணா பாக்கப் போறாங்க?"

"பாத்தா ஓடிருவா. வாயத் தெற."

செய்தேன். என் வாழ்நாளில் செய்த செட்டுகளில் அதுதான் ஆகச் சிறந்தது என்று சொல்வேன். நாக்குப் படும் பக்கத்தில் ஆளின் பெயரையும் முடித்த தேதியையும் பொடி எழுத்தில் பொறிப்பது என் வழக்கம். அதையும் பொறித்தேன். ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி, ஆட்டம். ஆட்டம் முடியட்டும், சனிக்கிழமை கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன்.

சனிக்கிழமை அவன் வந்தபோது, ஈறு இன்னும் அடங்கவில்லை, இப்போது புதுசு மாட்டினால் புண்ணாகும், கொஞ்சம் பொறு என்றேன்.

"நீ சொன்னா சரிடா," என்றான். "வாய்தான் என்னுது. பல்லு உன்னுது."

செவ்வாய் வந்தது, வெள்ளி வந்தது. இன்னும் ஒரே ஒரு வாரம் என்று ஒவ்வொரு வாரமும் மனதாரவே நினைத்தேன். அதைப் பொய் என்று நீங்கள் சொல்ல முடியாது.

அடுத்த பல்செட்காரர் இருப்பது நூற்றிருபது மைல் தள்ளி. தூரம் ரெய்னோவுக்குப் பெரிதில்லை. என்னை விட்டு இன்னொருவன் முன்னால் வாய் திறப்பது அவனுக்கு அசிங்கம். அந்த ஃபின்லாந்து ஜனங்களே அப்படித்தான். செருப்பில் ஆணி குத்தினாலும் செருப்புத் தைத்தவன் மனம் நோகுமே என்று நொண்டிக்கொண்டே நடப்பார்கள்.

கோடைக்குள் அவன் நாக்கு பழகிவிட்டது. கீழ்ப்பல்லை நாக்காலேயே அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். சத்தம் குறைந்தது. அப்போதுதான், சரிபார்க்கிறேன் என்று வாங்கி, உள்பக்கம் ஒரு மயிரிழை அளவுக்கு உரசிவிட்டேன். மறுபடி சத்தம் வந்தது. எத்தனை தடவை உரசினேன் என்று கேட்பீர்கள். ஆறு. ஏழாகவும் இருக்கலாம்.

உங்கள் அப்பாவுக்கும் நான்தான் செய்தேன், மேடம். பயப்படாதீர்கள். அவர் சீட்டாடுவதில்லை. அவருடையது கச்சிதமாகப் பொருந்தும்.

ரெய்னோ இளைத்தான். முதலில் இறைச்சி நின்றது, பிறகு ரொட்டி. பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டான், பிறகு இன்னொன்று. எங்கள் மேசையில் சீட்டுப் போடுகிறவள் மார்வா. வாய் சும்மா இருக்காது.

"என்ன கெழவா, மாடலிங் போறியா? மேல காத்தடிச்சா உன்ன கொடிக்கம்பத்துலதான் தேடணும் போல."

"கனம் கொறஞ்சா நல்லதுதானே," என்றான் ரெய்னோ. "பொட்டி தூக்குறவனுக்குச் சிரமம் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். நானும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு சூப் வாங்கிக் கொடுத்தது யார் என்று மார்வாவிடம் கேளுங்கள். நான்தான். வாரம் இரண்டு தடவை, ஆறாமல், சுடச்சுட. அவனிடம் ஜெயித்த காசில்தான் என்றாலும், ஜெயித்தவன் எல்லோரும் வாங்கிக் கொடுப்பானா.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று ரெய்னோ உட்கார்ந்ததும் கீழ்ப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஈறெல்லாம் புண்ணுடா," என்றான். பிறகு ஒன்றரை மணி நேரம் எங்களைத் துணி துவைப்பதுபோல் துவைத்தான். சத்தம் இல்லை. அந்தப் பழைய முகம் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் பத்தொன்பது வருஷம் காத்திருக்க எனக்கு வயசில்லை.

மார்வாவைக் கூப்பிட்டு, ரெய்னோவுக்கு ஒரு பாஸ்டி கொண்டுவரச் சொன்னேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், மேலே குழம்பு ஊற்றியது. எங்கள் ஊரில் அந்த வாசனைக்குச் செத்தவனும் எழுந்து உட்காருவான்.

"கறியாடா? என்னால மெல்ல முடியாதுடா."

"பல்ல மாட்டிக்கிட்டு மெதுவாத் தின்னு. சூப்பக் குடிச்சுக் குடிச்சு எத்தன நாளைக்கு? எனக்காகத் தின்னு."

மாட்டிக்கொண்டான். எனக்காகத்தான் மாட்டிக்கொண்டான்.

மூன்று வாய் தின்றிருப்பான். சீட்டு வந்தது. என் கையில் இரண்டு ஒன்பது. மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள், நானும் அவனும்தான். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திருப்பும் ஐந்து சீட்டில் நான்காவது விழுந்ததும் அவன் வாயில் கறியோடு, முன்னாலிருந்த பந்தயச் சில்லுகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். நான் யோசித்தேன். அப்போது கேட்டது.

டக்.

வெறுங்கை என்று முடிவு கட்டினேன். என்னுடையது மொத்தத்தையும் தள்ளினேன். பிறகு இன்னொரு டக். பிறகு நாலைந்து, ஒழுங்கில்லாமல். அவன் கை கழுத்துக்குப் போனது. முகம் அதே முகம்தான், நிறம் மட்டும் மாறியது. மார்வா கடைசிச் சீட்டை எடுப்பதில் கவனமாக இருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கண் என்னைப் பார்த்தது.

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். தெரிந்தது, மேடம். மிரட்டும்போது ஒரே ஒரு டக். இது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து அடித்துக்கொள்ளும் சத்தம், மெல்லாத கறி தொண்டையில் அடைத்தவனின் சத்தம். முப்பத்தெட்டு வருஷம் செய்தவனுக்கு அது தெரியாதா. ஆனால் கடைசிச் சீட்டு இன்னும் திரும்பவில்லை. நான் எழுந்தால் ஆட்டம் கலைந்துவிடும். அவன் கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்.

உட்கார்ந்திருந்தேன். சீட்டு திரும்பியது. அதன் பிறகுதான் மார்வா கத்தினாள். அவன் நாற்காலியோடு சாய்ந்தான். முதுகில் தட்டினார்கள், வயிற்றை அழுத்தினார்கள், ஆம்புலன்ஸ் வந்தது. அந்த உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் அவனைச் சுற்றி இருந்தபோது நான் அவன் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டு ராஜா. மிரட்டவே இல்லை. அந்த ஆட்டத்தில் தோற்றது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எதையும் நான் மறைக்கவில்லை.

மறுநாள் காலை இழுப்பறையிலிருந்து புது செட்டை எடுத்து, துடைத்து, அவன் தங்கை மகள் ஆய்லியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டிக்குள் படுத்திருக்கும்போது வாய் குழிவிழாமல் இருக்கட்டும் என்று. அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"அங்கிள், இதுல ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கே."

அப்படித்தான் நான் இங்கே வந்தேன். தேதியைத் தேய்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று காலையில் கேட்டீர்கள். என் வேலையை நானே எப்படித் தேய்ப்பேன்.

நாளைக்கு அடக்கம். இரண்டு செட்டும் இங்கே உங்கள் மேசையில் இருக்கின்றன. அவன் அங்கே ஒரு பல்கூட இல்லாமல் படுத்திருக்கிறான். சாட்சிக்கு அந்தப் பழசை வைத்துக்கொள்ளுங்கள், புதுசை அனுப்பி வையுங்கள். கச்சிதமாகப் பொருந்தும், ஒரு சத்தம் வராது. நான் பக்கத்தில் இருக்கும்போது அவனை வாய் குழிந்து கிடக்க விடுவேனா, மேடம். அவன் என் நண்பன்.