மேல்பாதி

என் மாமனார் நல்ல மனிதர் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். அவர் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் கிடையாது.

கோபம் அவர் மகன் மேல்தான். என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். நோயாளிக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறோம். அதன் மோட்டாரை ஓட்டும் புரோகிராம் எங்கள் இருவர் பொறுப்பு. உள்ளே இருப்பது சின்ன பிராசசர்; விலையும் குறைவு, மூளையும் குறைவு. இதுவரை ஏற்றிய மருந்தை, ஓடிய நேரத்தால் வகுத்து, வேகம் சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். மருந்தைத் துளியிலும் துளியாக எண்ணுவதால் அது மிகப் பெரிய எண். சின்ன பிராசசரால் ஒரே வாயில் விழுங்க முடியாது. இரண்டு பாதியாகப் பிரித்து, அதற்கென்று உள்ள தனி வழியில்தான் வகுக்க வேண்டும். பிரம்ம வித்தை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அவன் நேராக வகுத்தான். கம்ப்யூட்டர் பிழை காட்டியது. உடனே எண்ணின் மேல்பாதியை வெட்டி எறிந்துவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் வகுத்தான். பிழை போய்விட்டது.

மூன்று நாள் விடாமல் ஓடினால் எண் கீழ்ப்பாதியில் அடங்காமல் மேல்பாதிக்குப் போய்விடும், கீழே மிஞ்சுவது பூஜ்யம், இதுவரை ஒன்றுமே ஏற்றவில்லை என்று நினைத்து பம்ப் மருந்தைக் கொட்டித் தீர்க்கும், அலாரமும் அதே கணக்கை நம்புவதால் அடிக்காது என்று மீட்டிங்கில் சொன்னேன்.

"டெஸ்ட்ல ஒரு தடவைகூட வரலையே, அத்தான். கனவுல வகுத்துப் பார்த்தீங்களா?" என்றான்.

மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். டெஸ்ட் மேஜையில் இருக்கும் பம்புகளைச் சாயங்காலம் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அணைத்தால் எண் முதலிலிருந்து தொடங்கும். பிறகு எப்படி வரும்? அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மேனேஜர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

"அக்கா, மேல்பாதி வந்தாச்சு, சாப்பாடு போடு" என்பான் அதன்பிறகு வீட்டில். என் மனைவியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது.

பம்புகள் விற்பனைக்குப் போயின. சில மாதம் கழித்து மாமனாருக்கு ஆபரேஷன். கட்டிலுக்குப் பக்கத்தில், வலி தெரியாமல் இருக்க மருந்து ஏற்றிக்கொண்டு, எங்கள் பம்ப். எப்போது தொடங்கினார்கள் என்று மட்டும் விசாரித்துக்கொண்டேன்.

பம்ப் தொடங்கி மூன்று நாள் முடியும் மத்தியானம், "எல்லாரும் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, நான் கூட இருக்கேன்" என்று அனுப்பிவைத்தேன். நர்ஸ் வந்தாள். "பிளக் லூசா இருக்கு சார். அணைச்சுட்டு வேற இடத்துல மாட்டட்டுமா?"

"வேண்டாம்மா. இதைச் செஞ்சதே நாங்கதான். ஓடட்டும்."

அவளை ஒன்றும் சொல்லாதீர்கள், தங்கமான பெண். என் பேச்சை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

மாமனார் ஒரு தடவை கண் விழித்தார். "நீங்க இருக்கீங்க மாப்பிள்ளை, எனக்கென்ன பயம்" என்றார். பிறகு தூங்கிப்போனார்.

மோட்டாரின் சத்தம் மாறியது. நான் சொன்னபடியே மாறியது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், ஆமாம். நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பாதியில் நிறுத்தினால் மறுபடியும் கனவு என்பார்கள். அதனால் அவர் மூச்சு நிற்கும்வரை பொறுத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து, என் மனைவியின் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இப்ப கணக்கு புரியுதா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அதைக் கேட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்கிறான்.

வீட்டில் யாரும் இன்னும் என்னோடு பேசவில்லை. துக்கம் அல்லவா, இருக்கத்தான் செய்யும். கொஞ்சம் ஆறட்டும், ஐயா. நான் சொன்னதுதான் சரி என்று அவர்களே வந்து சொல்வார்கள்.